பதிஞ்சு பறக்கும் ட்ரோன்: மடிப்பு ட்ரோனா, கையோட்டமா?

இரண்டையும் வைத்திருந்து ஒன்றை விற்றவன் எழுதுவது இது. தராசு நேராக நிற்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம், பெட்டியில் இருந்து எடுத்து அதன் மடித்த கைகளை விரித்தால் பறக்கும் மடிப்பு ட்ரோன். 250 கிராமுக்குள் எடை, ஜிபிஎஸ் உண்டு, விரலை எடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். மற்றப் பக்கம், நானே சோல்டர் பண்ணிப் பூட்டிய ஐந்து அங்குல ப்ரொப் (விசிறி) ட்ரோன்; இதைத்தான் கையோட்டம் என்கிறேன். ட்ரோன் கமெரா பார்ப்பதைக் காட்டும் கொகிள்ஸைக் கண்ணில் மாட்டி, தானாக எதையும் சமன் செய்யாத அக்ரோ மோட்டில் முழுக்கக் கையால் ஓட்ட வேண்டும்.

என் தொழில் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா வீடியோ. அதற்கு மடிப்பு ட்ரோன்தான் சரி. படத் தரம், தானாகத் திரும்பி வருவது, பற்றரி என்று எதை எடுத்தாலும் ஒப்பிட ஒன்றுமில்லை. அது அரை மணித்தியாலம் அளவு நிற்கும், கையோட்ட ட்ரோன் ஐந்து நிமிடத்தில் பற்றரி கேட்கும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபைப் பதிவு, அனுமதி எல்லாம் இரண்டுக்கும் ஒரே தலையிடி. பலாலி விமான நிலையப் பக்கம் இரண்டையும் நினைத்தும் பார்க்கக் கூடாது.

பிரச்சினை மாட்டுவண்டிச் சவாரியில் தொடங்கியது. சவாரிப் படம் மேலே நின்று எடுத்தால் உப்புச் சப்பில்லை. கயிற்றுக்கு வெளியே, ஓட்டத்துக்குப் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக வண்டியோடு சேர்ந்து ஓட வேண்டும். மடிப்பு ட்ரோனை வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் மோட்டில் போட்டு நான்கு மீற்றர் உயரத்தில் விட்டேன். உயர ஸ்டிக்கைத் தொடவே இல்லை. பாதி ஓட்டத்தில் கயிற்றடியில் நின்ற ஒரு வண்டிக்காரர் கத்தினார்: “தம்பி, உம்மடை சாமான் பதிஞ்சு வருது, மாட்டுக்குக் கிட்டப் போகப்போகுது!” திரையைப் பார்த்தால் உயரம் 4 மீற்றர். நிமிர்ந்து பார்த்தால் அது ஆட்களின் தலைக்குச் சமமாகப் போகிறது. பதறி விரலை எடுத்தேன். பிரேக் பிடித்த மாதிரி நின்றது, நின்றவுடன் குபுக்கென்று மேலே ஏறியது. திரையில் அப்போதும் 4 தான்.

அந்த எண்தான் இந்த முழு ஒப்பீட்டையும் தீர்த்து வைத்தது என்பேன். கீழே இறங்குவது கூடப் பரவாயில்லை, இறங்கவே இல்லை என்று ட்ரோன் சாதிக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். ட்ரோன் தன் உயரத்தைப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அளக்கும் ஒரு சின்னப் பாரமானியைக் கொண்டுதான் கணிக்கிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1 இலட்சம் பாஸ்கலுக்குச் சற்று மேல். ஒரு மீற்றர் ஏறினால் அதில் 12 பாஸ்கல் அளவுதான் குறையும். இவ்வளவு நுணுக்கமாக அளக்கிற ஒன்றின் மேல் காற்று அடித்தால் என்ன ஆகும்? செக்கனுக்கு 16 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 58 கிலோமீற்றர் அளவில், எதிர்க்காற்றின் தள்ளல் 150 பாஸ்கல் வரும். உயரக் கணக்கில் அது 13 மீற்றர்! அது முழுவதும் பாரமானியைச் சேராது, உடல் மறைத்துக்கொள்ளும். ஆனால் பத்தில் ஒரு பங்கு கசிந்தாலே ஒரு மீற்றருக்கு மேல் பிழை. வேகம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு.

அது எந்தப் பக்கம் பிழைக்கும் என்பது உடலின் வடிவத்தைப் பொறுத்தது. முன்பக்கம் சரித்துக்கொண்டு பாயும்போது மேற்புறத்தில் அழுத்தம் குறைந்த ஒரு காற்றுக் குமிழ் உண்டாகும். அதற்குள் பாரமானி அகப்பட்டால் “நான் ஏறிவிட்டேன்” என்று நினைத்து ட்ரோன் தன்னை இறக்கும். வேகம் நின்றதும் குமிழ் கலையும், “ஐயோ இறங்கிவிட்டேன்” என்று மேலே பாயும். சவாரித் திடலில் நான் கண்டது இதுவேதான். ட்ரோனை ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருளின் கையேடு, வேகப் பறப்பில் உயரம் குறைவதற்கு இதே காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. தரையின் தூரத்தை அளக்கக் கீழே பார்க்கும் உணரி காப்பாற்றியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அந்த வேகத்திலும் புழுதியிலும் அதன் சொல் எடுபடவில்லை என்றே நினைக்கிறேன்.

சந்தேகம் தீர ஒரு பின்னேரம் வல்லை வெளிக்குப் போனேன். நீளமான மூங்கில் கம்பில் அரை மீற்றருக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி நட்டு, மச்சானைப் போனோடு பக்கத்தில் நிறுத்தி, ட்ரோனைக் கம்பைத் தாண்டி ஓட விட்டேன். சோளகம் வடிவாக அடித்துக்கொண்டிருந்தது. காற்றோடு போனபோது அரை மீற்றர் கூடக் குறையவில்லை. எதிர்க்காற்றில், அதே தரை வேகத்தில் வந்தபோது மூன்று துணி கீழே. பாரமானிக்குத் தரை வேகம் தெரியாது, தன்மேல் அடிக்கிற காற்றுத்தான் தெரியும். ஆகவே “இவ்வளவு இறங்கும், அவ்வளவு கூட்டிப் பிடி” என்று ஒரு கணக்கை மனப்பாடம் செய்யவும் முடியாது. காற்றுத் திரும்பினால் கணக்கும் திரும்பிவிடும்.

ட்ரோனைத் திறந்து, காற்று நேரே அடிக்காதபடி பாரமானிக்கு மேல் ஸ்பொஞ்ச் வைக்கலாமே என்றான் மச்சான். கையால் பூட்டிய ட்ரோனில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். முத்திரை வைத்த பெட்டியைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனி கையோட்டம். இதுவும் உயரம் இழக்கும், அதுவும் மோசமாக இழக்கும். அக்ரோ மோட்டில் உயரத்தைப் பிடித்து வைக்க உள்ளே யாரும் இல்லை. ட்ரோனை 30 பாகை சரித்தால் உயரம் காக்க 15 வீதம் கூடுதல் உந்துவிசை வேண்டும். 45 பாகையில் 41 வீதம். 60 பாகையில் சரியாக இரண்டு மடங்கு. த்ரொட்டில் (மோட்டருக்குக் கொடுக்கும் பலம்) அப்படியே இருக்க மூக்கை மட்டும் குத்தினால் தரையை நோக்கித்தான் போகும். முதல் மாதத்தில் நான் வடலிக்குள் விழுந்த தடவைகளை எண்ணவில்லை, ப்ரொப் வாங்கிய கடைக்காரர் எண்ணியிருப்பார்.

ஆனால் இந்த இழப்பு ஒளித்து விளையாடாது. சரித்தது என் வலது கை, ஆகவே கூட்ட வேண்டியது என் இடது கை. எதிர்க்காற்றோ பின்காற்றோ, சரிவுக்கு எவ்வளவு த்ரொட்டில் என்பது சில வாரங்களில் விரலுக்கு வந்துவிடும். சிமியுலேட்டரில் பழகினால் வடலிகள் தப்பும். கொகிள்ஸில் அடிவானம் மேலே ஏறுவதும் தரை விரிவதும் கண்ணுக்கு நேரே தெரிகிறது. மடிப்பு ட்ரோனில் எண்ணை நம்பி இருந்தேன், இதில் நம்ப எண்ணே இல்லை.

கையோட்டத்தில் நான் பயப்படுவது பற்றரிக்குத்தான். ஆறு செல் லிப்போ பற்றரி நிறையும்போது 25.2 வோல்ற். செல் ஒன்று 3.5க்கு வரும்போது மொத்தம் 21. மோட்டர் சுற்று வோல்ற்றளவோடு இறங்கும், உந்துவிசை சுற்றின் வர்க்கத்தோடு இறங்கும். கடதாசிக் கணக்கில் முழுத் த்ரொட்டில் பலத்தில் 30 வீதம் போய்விடுகிறது. முதல் ஓட்டத்தில் உயரம் காத்த அதே விரல் நிலை கடைசி ஓட்டத்தில் காக்காது. பீட்டாஃப்ளைட் என்ற ட்ரோன் மென்பொருளில் 4.2 பதிப்பு முதல் இதைச் சமன் செய்யும் ஓர் அமைப்பு இருக்கிறது. பற்றரி நிறைந்திருக்கும்போது பலத்தைச் சற்று அடக்கி, கடைசி வரை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும். போட்டி ஓட்டிகளுக்கு அந்த அடக்கல் பிடிக்காமல் போகலாம், எனக்குப் பிடிக்கும். அதோடு, சவாரி ஓட்டத்தை எப்போதும் புதுப் பற்றரியில்தான் எடுப்பேன். பழசில் ஒத்திகை.

மூன்றாவது வழியும் உண்டு: கையால் பூட்டிய ட்ரோனில் ஐநாவ் அல்லது ஆர்டுபைலட் மென்பொருளைப் போட்டு, உயரத்தை மட்டும் அதனிடம் விடுவது. சரிவுக்கு ஏற்ற உந்துவிசையை ஆர்டுபைலட் தானே கூட்டிக்கொள்ளும். தெரிந்த பெடியன் ஒருவனுடையதை இரண்டு பின்னேரம் ஓட்டினேன். மெதுவாக ஓட்டும்போது சொகுசு. வேகம் கூட்டியபோது கொஞ்சம் அலைந்தது, அது ஸ்பொஞ்ச் போதாததாலா என் கையாலா என்று சொல்லும் அளவுக்கு நான் ஓட்டவில்லை. உப்புக்காற்றும் அப்படித்தான். பண்ணைக் கடலோரம் அடிக்கடி பறக்கவிட்டால் எது முதலில் துரு ஏறும் என்று கேட்கிறார்கள், என் திறந்த சேர்க்கிட்தான் என்று ஊகிக்கிறேன். ஆனால் ஒரு வருடம்தான் ஆகிறது.

விழுந்தால் திருத்துவதில் போட்டியே இல்லை. கையோட்ட ட்ரோனின் ஒரு கை முறிந்தால் நான்கு ஆணி கழற்றிப் புதுக் கை. மடிப்பு ட்ரோன் என்றால் கொழும்புக்குப் பொதி, பிறகு காத்திருப்பு.

கோயில் வீதியில் தேர் வருவதை மேலே நின்று எடுக்க, அல்லது முதல் ட்ரோன் வாங்க நினைத்தால், இவ்வளவையும் மறந்துவிட்டு மடிப்பு ட்ரோனையே வாங்குங்கள். பலத்த காற்று இல்லாமல் மெதுவாகப் பறக்கும்போது அந்தப் பாரமானி அவ்வளவாகப் பொய் சொல்லாது. கெதியாக, பதிவாக, எதையாவது துரத்த வேண்டும் என்றால்தான் கையோட்டம், அதுவும் ஆட்களுக்கு மேலே ஒருபோதும் வேண்டாம்.

என்னுடைய மடிப்பு ட்ரோனை வாங்கியவன் கலியாண வீடியோக்காரன்தான். ஸ்போர்ட் மோட்டை இதுவரை தொட்டதில்லையாம், ஒரு குறையும் சொல்லவில்லை. முகூர்த்த நாட்களில் அவனுக்கு வேலை இல்லாவிட்டால் அதை நான்தான் வாடகைக்கு எடுக்கிறேன்.