துருவ வழிகாட்டி ஆன்லைன் கோர்ஸ்: 14,000 ரூபாய்க்குத் தகுமா?

ஐஸை ஃப்ரீசரில் தவிர வேறெங்கும் பார்த்திராத ஆள் நான். சனி, ஞாயிறுகளில் நாகர்கோவில் பக்கம் மணக்குடி, தேரூர் குளம், புத்தளம் உப்பளம் என்று ஆட்களைப் பறவை பார்க்கக் கூட்டிப்போவேன், அதுதான் பிழைப்பு. அண்டார்டிகா போகும் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் சித்தி மகன் போன வருஷம் ஊருக்கு வந்தபோது, கப்பலில் பறவை காட்டுகிறவர்களுக்கு என்ன சம்பளம் தெரியுமா என்று ஆசை காட்டிவிட்டுப் போனான். அப்படித்தான் துருவப் பகுதி இயற்கை வழிகாட்டிகளுக்கான இந்த கோர்ஸில் சேர்ந்தேன். 8 வாரம், 12 பாடம், எல்லாம் ஆங்கிலம். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

முதலில் வேலை விஷயம். இதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கிடைக்காது. ஸ்வால்பார்டில் (வட துருவத்தின் பக்கம் இருக்கும் நார்வே நாட்டுத் தீவுக்கூட்டம்) உள்ள லாங்யர்பியனில் இதற்கென்றே ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, பனியாற்றின் மேலேயே நடக்கவிட்டுப் பழக்குகிறார்கள். அங்கே ஊரைத் தாண்டி வெளியே போனால் பனிக்கரடியை விரட்ட ஏதாவது கையில் இருந்தாக வேண்டும் என்று சட்டமே உண்டு. இதையெல்லாம் நாகர்கோவிலில் மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து படித்துவிட முடியுமா? உடைகள் பற்றிய பாடத்தை, எத்தனை அடுக்கு கம்பளி போடுவது என்று முக்கால் மணி நேரம் விளக்கியதை, விசிறிக்குக் கீழே வியர்க்க வியர்க்கக் கேட்டேன்.

ஆனால் நான்காவது பாடத்திலேயே எனக்குப் போட்ட காசு வந்துவிட்டது. நம் உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி மூக்கைக் குத்திக்கொண்டு திரியுமே, கீழ்நோக்கி வளைந்த மூக்குள்ள உள்ளான், அது முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், டைமிர் பக்கம் உள்ள தூந்திரத்தில், அதாவது மரமே இல்லாத உறைநிலத்தில். இங்கிருந்து 7,000 கிலோமீட்டருக்கு மேல். அதுவரை தெரியும், வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வதும் உண்டு. தெரியாதது எலிக் கதை. லெம்மிங் என்று ஒரு குட்டி எலி, மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஏகத்துக்குப் பெருகும், அப்புறம் சட்டென்று குறைந்துவிடும். எலி நிறைய இருக்கிற வருஷம் துருவ நரிக்கு அதுவே போதும், உள்ளானின் முட்டை தப்பும். எலி இல்லாத வருஷம் நரி உள்ளான் கூட்டைத் தேடிப் போகும். அப்படிப்பட்ட வருஷம் தெற்கே வருகிற கூட்டத்தில் இளம்பறவைகளே குறைந்துபோகும். ஆண் முதலில் கிளம்பிவிடுமாம், அப்புறம் தாய், குஞ்சுகள் கடைசியில் தாங்களாகவே வழி கண்டு வருமாம். இத்தனை வருஷம் இந்தப் பறவைகளை எண்ணியிருக்கிறேன், ஒருமுறைகூட இதில் எத்தனை இளசு என்று பார்த்ததில்லை. இந்த செப்டம்பரில் பார்த்தேன். முதுகில் செதில் செதிலாக ஓரம், மார்பில் லேசான சந்தன நிறம், அதுதான் அடையாளம். 20 பறவையில் 3 இளசு. ஒரே உப்பளத்தை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாதுதான், இருந்தாலும் புத்தளம் வரப்பில் நின்றுகொண்டு சைபீரியாவில் இந்த வருஷம் எலிக்கு என்ன ஆச்சோ என்று யோசித்தது நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நடத்தை விதிகள் பாடமும் உருப்படியானது. அண்டார்டிகாவில் பென்குயினிடமிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரை இறங்கக்கூடாது. எண்ணை விடுங்கள், பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினாலே நீ அதிகம் நெருங்கிவிட்டாய் என்றார் ஆசிரியர். அன்றிலிருந்து வரப்பில் பாதியிலேயே ஆட்களை நிறுத்திவிடுகிறேன். பெரிய கேமராக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

கலாச்சாரத்துக்கு இரண்டே பாடம், அதிலும் ஒன்று வெறும் படக்காட்சி. இன்னொன்றை நடத்தியது கலைமான் மேய்க்கும் குடும்பத்தில் பிறந்த ஒரு சாமி பெண் (அது ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் இனத்தின் பெயர், நம்ம சாமி இல்லை). அவர்களுக்கு வருஷத்தில் எட்டுப் பருவமாம். எங்களுக்கு ஆறு என்று நம் பெரும்பொழுதுகளைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். எஸ்கிமோ என்று சொல்லாதே, கனடாவிலும் கிரீன்லாந்திலும் அவர்கள் தங்களை இனுயிட் என்கிறார்கள், இக்ளூ என்றால் அவர்கள் பேச்சில் வெறும் வீடு, மரவீடும் இக்ளூதான் என்பதெல்லாம் இவர் சொல்லித்தான் தெரியும். வீட்டுப்பாடமாக, உன் ஊர்க்காரர்களிடம் போய் இயற்கையைப் பற்றிப் பத்துச் சொல் கேட்டு வா என்றார். மணக்குடியில் ஒரு வள்ளக்கார மாமாவிடம் போனேன். இனுயிட் வேட்டைக்காரர் கம்பியால் குத்திக் குத்தி ஐஸின் உறுதியைப் பார்க்கும் வீடியோவைக் காட்டினேன். "இதென்ன மக்கா அதிசயம், நாங்க தண்ணி நெறத்த பாத்து நீவாடு சொல்ல மாட்டமா?" என்று (நீவாடு என்றால் கடல் நீரோட்டம்) ஆரம்பித்து, கரையில் மலையையும் கோயிலையும் ஒரே நேரில் வைத்துக் கடலில் இடம் பிடிக்கிற கணியம் வரை ஒரு மணி நேரம் பேசினார். இப்போது என் சனிக்கிழமை நடையில் கடைசி அரைமணி நேரம் அவருடையது, பணமும் கொடுக்கிறேன்.

குறைகள்: நேரடி வகுப்பு அவர்களுக்கு மாலை 7 மணி, நமக்கு இரவு 11:30. மழையில் கரண்ட் போய் மூன்று வகுப்பு பாதியில் அறுந்தது, பதிவும் தரவில்லை. இந்தியர்கள் பலர் சேர்ந்திருந்தும் ஸ்வால்பார்டில் 2008லிருந்து இயங்கும் நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கன்னியாகுமரிப் பாறையிலிருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே போனால் அண்டார்டிகாவில் நம் பாரதி நிலையம்தான், அதுவும் இல்லை.

சான்றிதழ் இரண்டு மாதம் கழித்து வந்தது. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன், என் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரை மட்டும் அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லி மெயில் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் அப்பா அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார்.