மாட்டுங்காவில் தமிழ்வழி ஆங்கில இலக்கிய வகுப்பு: அறிவொளிக் காலப் பாடத்தொடர்

மும்பையில் ஆங்கில இலக்கியம் பயிலும் தமிழ் மாணவர்களுக்காக மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் நடைபெறும் தனிப்பயிற்சி வகுப்பில், பகுத்தறிவையும் அனுபவ அறிவையும் முன்னிறுத்திய அறிவொளிக் காலம் (Enlightenment) இங்கிலாந்தின் சமூகத்தையும் இலக்கியத்தையும் எவ்வாறு மாற்றியது என்ற பாடத்தொடரை முழுவதுமாகக் கேட்டேன். மூலநூலை ஆங்கிலத்திலேயே வாசித்து, விளக்கத்தைத் தமிழில் கேட்பது இங்குள்ள முறை. தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதை அவர்கள் தயக்கமின்றிக் கேள்வி கேட்பதிலேயே காண முடிகிறது.

பாடத்தைத் தத்துவத்திலிருந்து தொடங்காமல் அச்சகத்திலிருந்து தொடங்கியது இந்த வகுப்பின் தனிச்சிறப்பு. வெளியிடுமுன் நூல்களைத் தணிக்கை செய்ய வகைசெய்த 1662-ஆம் ஆண்டுச் சட்டம் 1695-இல் காலாவதியானதும், 1702-இல் முதல் ஆங்கில நாளிதழ் வந்ததும், 1711-இல் கட்டுரையாளர்களான அடிசனும் ஸ்டீலும் 'ஸ்பெக்டேட்டர்' இதழைத் தொடங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கப்பட்டன. நாளொன்றுக்கு மூவாயிரம் படிகள் போவதாகவும், படிக்கு இருபது வாசகர் எனக் கொள்ளலாம் என்றும் அடிசன் கணக்குச் சொல்லும் பத்தாவது இதழை ஆசிரியர் வரிவரியாக வாசித்துக் காட்டினார். லண்டன் காபிக் கடைகளில் வணிகரும் வழக்கறிஞரும் ஒரே தாளைப் படித்து வாதிட்ட சூழலை அறிந்த பிறகு, அக்காலத்து உரைநடை ஏன் அவ்வளவு தெளிவாகவும் நிதானமாகவும் இருக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடுகிறது.

மனித மனம் பிறக்கும்போது வெள்ளைத்தாள் போன்றது, அனுபவமே அதில் எழுதுகிறது என்று தத்துவ அறிஞர் ஜான் லாக் 1689-இல் வெளியிட்ட கருத்தை, 1719-இல் வந்த டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ'வோடு இணைத்துப் படித்த அமர்வுதான் தொடரின் உச்சம். தீவொன்றில் தனியே ஒதுங்கி, மண்பாண்டம் செய்யத் தெரியாமல் திண்டாடும் குரூசோ, அடுப்பில் கிடந்த உடைந்த பானைத் துண்டொன்று கல்லாக இறுகி ஓடுபோல் சிவந்திருப்பதைக் கண்டு, முழுப் பானையையும் அவ்வாறு சுடலாமே என்று யோசிக்கும் பகுதி அது. தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பர்வாடாவின் சூளைகளுக்கு அருகில் வளர்ந்த மாணவி ஒருவர், தீயைச் சீராகக் கையாளாவிட்டால் பானை விரிசல் விட்டுவிடும் என்று சொல்ல, குரூசோவும் நெருப்பைப் படிப்படியாகத் தணிப்பதை ஆசிரியர் உடனே நூலில் எடுத்துக் காட்டினார். பார்த்து, சோதித்து, திருத்தி அறியும் முறை நாவலின் நடையாகவே மாறியதை இதைவிட நன்றாக யாரும் விளக்கிவிட முடியாது.

கவிஞர் அலெக்சாண்டர் போப், அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் ஆகியோர் பற்றிய வகுப்புகள் தேர்வு நோக்கில் போதுமானவை. ஸ்விஃப்டின் 'கலிவர் பயண'த்தில் வரும் கற்பனை நகரான லகாடோவின் ஆய்வுக்கூடத்தைப் பற்றி, அதாவது பகுத்தறிவின் மிகையையே கேள்வி கேட்கும் பகுதியைப் பற்றி, இன்னும் சற்று நேரம் பேசியிருக்கலாம்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. குரூசோ கப்பல் தரைதட்டித் தீவில் ஒதுங்கியது, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்தில்தான். அது ஒரே வாக்கியத்தில் கடந்துபோனது. சுதந்திரத்தைப் பற்றி எழுதிய லாக், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்ததும் பேசப்படவில்லை. லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு 1662-இல் சாசனம் அளித்த அதே அரசர் இரண்டாம் சார்லஸ்தான் 1668-இல் பம்பாயைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். இந்த ஊரில் அமர்ந்து படிப்பவர்களுக்கு இது பாடத்தின் நடுவிலேயே வந்திருக்க வேண்டும். அடிமையாக விற்கப்பட்ட ஒலாடா எக்வியானோ 1789-இல் வெளியிட்ட தன்வரலாற்றையும், மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் வெளியிட்ட பெண்ணுரிமை நூலையும் சேர்த்தால் இக்குறை பெரிதும் நீங்கும். நான் எழுதிக் கொடுத்த கருத்துத் தாளிலும் இதையே கேட்டிருக்கிறேன்.

முதுகலை முதலாண்டு மாணவர்கள் தயங்காமல் சேரலாம். தனியே விற்கப்படும் அச்சுக் குறிப்பேட்டில் ஆண்டுகள் சில இடங்களில் தவறாக உள்ளன. அதை வாங்க வேண்டியதில்லை. மூலநூல்கள் காப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.