பழைய கௌபாய் ஊமைப்பட ரீல் வாங்குகிறவர்கள் கவனம், எனக்கு 640 டாலர் போச்சு

இன்று காலையில்தான் பார்சல் வந்தது. கை இன்னும் நடுங்குகிறது. 640 டாலர். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஊமைப்படக் கால கௌபாய் நடிகர் ப்ராங்கோ பில்லி ஆண்டர்சன் படங்கள்மேல் எனக்குப் பல வருடப் பைத்தியம். 1903இல் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'யில் சின்னச் சின்ன வேடங்களில் வந்தவர், அப்புறம் எஸ்ஸனே என்ற படக் கம்பெனிக்காகக் கலிபோர்னியாவின் நைல்ஸ் ஊரில் ஒரு ரீல் படங்களாக எடுத்துத் தள்ளினார். கால் மணி நேரத்துக்குள் குதிரை, கொள்ளை, மனம் திருந்தும் கொள்ளைக்காரன் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துபோய்விட்டன, அதனால்தான் ஒரு ரீல் கிடைக்கிறது என்றாலே மனசு அடித்துக்கொள்கிறது.

ஓர் ஆன்லைன் ஏலத் தளத்தில் பார்த்தேன். "16 மி.மீ., 1920களின் பிரதி, முழுப் படம், 400 அடி" என்று போட்டிருந்தார்கள் (16 மி.மீ. என்பது ஃபிலிமின் அகலம்). விற்பவரிடம் ஃபோனில் பேசினேன். தாத்தா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தாராம், அவர் பெட்டியில் கிடந்ததாம், இது நைட்ரேட் (சட்டென்று தீப்பிடிக்கும் பழைய வகை ஃபிலிம்) இல்லை, தீப்பிடிக்காது, பயப்படாமல் வாங்குங்கள் என்று அவ்வளவு பொறுமையாகச் சொன்னார். 16 மி.மீ.யில் நைட்ரேட் கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவர் அதைச் சரியாகச் சொன்னதும் விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பிவிட்டேன். 640 டாலரையும் அன்றே அனுப்பினேன்.

டப்பாவைத் திறந்தேன். குப்பென்று வினிகர் நாற்றம், ஃபிலிம் கெட்டுப்போவதன் அடையாளம். ஃபிலிமில் ஒரு பக்கம்தான் துளை, மறுபக்கம் ஒலித்தடம்! 1920களின் ஊமைப்படப் பிரதியில் ஒலித்தடம் எங்கிருந்து வரும்? அதுவும் படம் நூறு அடிகூட இல்லை, மீதியெல்லாம் வெற்று ஃபிலிம்.

கேட்டால், "பழசு என்றால் வாசனை வரத்தான் செய்யும்" என்கிறார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தளத்தில் புகார் கொடுத்தால், "16 மி.மீ. என்று சொன்னார், 16 மி.மீ.தானே வந்திருக்கிறது" என்று முடித்துவிட்டார்கள். 640 டாலருக்கு இதுதான் பதில்.

டப்பா படத்தை நம்பாதீர்கள், ஃபிலிம் ஓரத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை அடி என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். வினிகர் நாற்றம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. அந்த நாற்றம் மற்ற ரீல்களையும் கெடுத்துவிடும், டப்பாவை முதலில் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும்.