தர்மபுரியில் யூரின் சைட்டாலஜி: ஒரே லேபில் இரண்டு முறை

அப்பாவுக்கு மூத்திரப்பையில் கட்டி என்று போன வருடம் தெரிந்தது. வலி எதுவும் இல்லை, சிறுநீர் சிவப்பாகப் போனது, அவ்வளவுதான். பீட்ரூட் பொரியல் சாப்பிட்டதால் என்று அவரே இரண்டு வாரம் சமாளித்துவிட்டார். (முப்பது வருடப் பீடி. அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் சண்டை.) சேலத்தில் கட்டியைச் சுரண்டி எடுத்து, வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரம், கட்டி திரும்ப வராமல் தடுக்கும் பிசிஜி மருந்தைப் பைக்குள் விட்டார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா (ஸ்கோப்பு) விட்டுப் பார்க்கிறார்கள், கூடவே யூரின் சைட்டாலஜி, அதாவது சிறுநீரில் புற்றுநோய் செல் இருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டெஸ்ட். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய நாளே போச்சு என்பதால், சைட்டாலஜியை மட்டும் தர்மபுரியிலேயே ஒரு லேபில் கொடுத்தோம்.

முதல் தடவை சொதப்பல். கவுன்டரில் இருந்த பெண், "காலைல முதல் யூரின் பிடிச்சிட்டு வாங்கண்ணா" என்றார். நாமும் சுகர் டெஸ்ட் மாதிரிதான் போல என்று அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட்: செல்கள் சிதைந்துவிட்டன, மறுபடி சாம்பிள் தேவை. ராத்திரி முழுக்கப் பையில் தங்கிய சிறுநீரில் செல்கள் கெட்டுப்போகும், அதை விட்டுவிட்டு அடுத்து போவதைத்தான் பிடிக்க வேண்டும் என்று யூராலஜி டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். லேபில் போய்க் கேட்டால் பணமும் திரும்ப வரவில்லை, ஒரு சாரியும் வரவில்லை.

இரண்டாம் தடவை வேறு டெக்னீஷியன். அவர் விஷயம் தெரிந்தவர்; அப்பாவைத் தண்ணீர் குடிக்கவைத்து, கொஞ்சம் நடக்கவைத்து, அங்கேயே பிடித்து, செல் கெடாமல் இருக்க மருந்து ஊற்றி அன்றைக்கே பெங்களூருக்கு அனுப்பிவிட்டார். நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்.

ஹை கிரேடு (வேகமாக வளரும் வகை) புற்றுநோய்க்கு நெகட்டிவ் என்று இருந்தது. கவுன்டரில் உடனே, "அப்புறம் எதுக்குண்ணா ஸ்கோப்பு?" என்கிறார்கள். இப்படிச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவே இல்லை. லோ கிரேடு (மெதுவாக வளரும் வகை) கட்டியின் செல்கள் பார்க்க நல்ல செல் மாதிரியே இருக்கும், சைட்டாலஜியில் தப்பிவிடும்; கேமராவுக்குத் துணைதான் இது, மாற்று இல்லை. பிசிஜி போட்ட பை புண்ணாகி இருக்கும்போது நல்ல செல்கூடச் சந்தேகமாகத் தெரியலாமாம். அப்படி வந்தால் ஃபிஷ் என்று இன்னொரு யூரின் டெஸ்ட் எடுக்கலாம், அதில் 3, 7, 17 குரோமோசோம்கள் கூடியிருக்கிறதா, 9இல் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்கள் என்றார் டாக்டர். எங்களுக்கு இதுவரை தேவைப்படவில்லை.

டெஸ்டுக்கு நான்கு ஸ்டார், ஊசி இல்லை, குழாய் இல்லை, அப்பா முனகாமல் வருகிற ஒரே டெஸ்ட். லேபுக்கு இரண்டரை, அதுவும் அந்த டெக்னீஷியனுக்காக. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மட்டும் கொடுக்காதீர்கள், ஞாயிறு வண்டி கிடையாது, சாம்பிள் திங்கள் வரை அங்கேயேதான் கிடக்கும்.