நெம்புகோலா, திருகா? பானையா, பழைய ஃபிரிட்ஜா? எல்லையோர வெயிலில் சீஸ் செய்யக் கருவிகள்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம் என எல்லையை ஒட்டிய ஊர்களில் கறவை மாடு இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. சங்கத்துக்கு ஊற்றியது போக மிஞ்சும் பாலில் சீஸ் செய்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, அழுத்தும் பிரஸ் எங்கே கிடைக்கும் என்பதுதான். வெளிநாட்டுப் பிரஸ்ஸின் விலையைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வரும்: நம்மூர் பட்டறையில் அடித்துக்கொள்ள முடியாதா?

தாராளமாக முடியும். ஆனால் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை பிரஸ்ஸில் போடாதீர்கள். நம்மூர் வெயிலில் சீஸ் கெடுவதும் தேறுவதும் அதை முதிர வைக்கும் பெட்டியில்தான்.

பனீர் என்றால் துணியில் கட்டி மேலே குழவிக்கல்லை வைத்தாலே வேலை முடிந்தது. இங்கே சொல்வது ரென்னெட் என்ற நொதியை விட்டுப் பாலைக் கட்டியாக உறைய வைத்து, அழுத்தி, மாதக்கணக்கில் முதிர வைக்கும் கௌடா, செடார் வகைகளை. 10 லிட்டர் பசும்பாலுக்கு ஏறத்தாழ 1 கிலோ சீஸ் தேறும்.

முதலில் பிரஸ். எளிதானது நேர் எடை: கட்டியைப் போட்ட, துளையுள்ள அச்சுப் பாத்திரத்தின் மேல் வட்டு, வட்டின் மேல் தண்ணீர் நிரப்பிய பக்கெட். 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ, கணக்கு சுலபம். மென்மையான சீஸுக்கு இது போதும். 20 கிலோ, 30 கிலோ என்று ஏறும்போதுதான் சங்கடம். கட்டி ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக அமுங்கினாலும் பக்கெட் சாயும். ராத்திரி முழுக்க அழுத்த வேண்டிய சீஸ் நடுராத்திரியில் தரையில் கிடக்கும்.

அடுத்தது திருகு பிரஸ். மரவேலைக்காரர்களின் கிளாம்ப் மாதிரி, மேலிருந்து திருகி இறக்குவது. அடக்கமாக இருக்கும், சாயாது, பட்டறையில் அரை நாள் வேலை. பலரும் இதைத்தான் செய்துகொள்கிறார்கள். ஆனால் எனக்கு இது பிடிக்காது. அழுத்த அழுத்தக் கட்டியிலிருந்து தெளிநீர் வடிகிறது, கட்டி சுருங்குகிறது, திருகு இருந்த இடத்திலேயே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அழுத்தம் பாதிகூட இருக்காது. மறுபடி திருக வேண்டும். எத்தனை கிலோ அழுத்தம் விழுகிறது என்றும் தெரியாது. நடுவில் ஒரு ஸ்பிரிங் வைத்தால் நிலைமை தேவலாம், ஆனால் அந்த ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினால் எவ்வளவு எடை என்று தராசில் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கார் ஜாக்கி வைத்துச் செய்பவர்களும் உண்டு. அதில் எண்ணெய் கசிந்து சீஸில் விழும் அபாயம் இருக்கிறது. ஒரு பம்பிலேயே தேவைக்கு மேல் அழுத்தியும் விடும். ஆரம்பத்திலேயே அதிகம் அழுத்தினால் வெளித்தோல் இறுகி, உள்ளே தெளிநீர் மாட்டிக்கொள்ளும். அந்தச் சீஸ் புளித்துக் கசக்கும்.

ஒரு முனை கீலில் நிற்கும் கோலில் எடையைத் தொங்கவிட்டு, கீலுக்கும் எடைக்கும் நடுவில் ஒரு தண்டால் அழுத்துவது நெம்புகோல் பிரஸ். அதில் இந்தத் தொல்லைகள் இல்லை. கட்டி சுருங்கினால் கோலும் கூடவே இறங்கும், எடை குறையாது. கீலிலிருந்து 20 சென்டிமீட்டரில் அழுத்தும் தண்டு, 80 சென்டிமீட்டரில் எடை என்று வைத்தால் நாலு மடங்கு. 8 கிலோ தொங்கவிட்டால் தண்டில் 32 கிலோ விழும். கோலின் சொந்த எடைக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டறையில் சொல்லும்போது கோலில் ஒரே ஒரு துளை போதாது, 40, 60, 80 சென்டிமீட்டர்களில் வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள். அதே எடையை இரண்டு மடங்கில் ஆரம்பித்து, கட்டியைத் திருப்பிப் போட்டு மூன்றுக்கும் நாலுக்கும் நகர்த்திக்கொண்டே போகலாம். இன்னொன்று, கோல் இறங்கும்போது சாய்வாக வரும். தண்டு சாயக் கூடாது. தண்டு நுழைந்து போகும் ஒரு வழிகாட்டித் துளை மேல் சட்டத்தில் அவசியம். அது இல்லாத பிரஸ்ஸில் சீஸ் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் இளைத்து வரும்.

குறை என்று பார்த்தால் இடம்தான். ஒரு மீட்டர் நீளக் கோல் சமையலறையில் குறுக்கே நிற்கும். தொழுவத்துக்குப் பக்கத்து அறையில் சுவரிலேயே கீலை அடித்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

எடையோடு அச்சின் அகலத்தையும் பாருங்கள். 15 சென்டிமீட்டர் அச்சில் 32 கிலோ விழுவதும் 10 சென்டிமீட்டர் அச்சில் 32 கிலோ விழுவதும் ஒன்றல்ல. சின்ன அச்சில் அழுத்தம் இரண்டே கால் மடங்கு. அச்சுக்கு பிவிசி பைப்பை அறுத்துத் துளை போடுவது மலிவு, ஆனால் வேண்டாம். அது உணவுக்காகச் செய்த பிளாஸ்டிக் இல்லை, ஈயம் சேர்த்த பைப்புகள் வெகுகாலம் இங்கே விற்றவை. எவர்சில்வர் டப்பாவில் துளை போட்டு, உள்பக்கப் பிசிறை அரம் வைத்துத் தேய்த்தால் பல வருஷம் வரும். துத்தநாகம் பூசிய தகடும் அலுமினியமும் புளித்த தெளிநீரில் அரிக்கும். நம் பக்கம் பலாமரம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வட்டுக்குப் பலாப்பலகை எடுக்காதீர்கள். ஈரம் பட்டால் அதன் மஞ்சள் சாயம் இறங்கும்.

சரி, முதிர வைக்கும் இடம். வேண்டியது 10 முதல் 13 டிகிரி, 80 முதல் 85 சதவீத ஈரப்பதம். கொடைக்கானலில் செய்பவர்களுக்கு ஊரே பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது. நமக்கு மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் வெயில்.

பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் கொட்டும் முறையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். காசு செலவில்லை, கரண்ட் வேண்டாம். மார்கழி, தையில் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும்போது பானை நன்றாகவே குளிரும். ஆனாலும் 12 டிகிரிக்கு வராது. ஆடி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் குளிர்ச்சியே இருக்காது. காய்கறிக்கு நல்ல ஏற்பாடு, சீஸுக்கு இல்லை. நிலவறை தோண்டுவதும் இதே கதைதான். ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஊரின் வருஷச் சராசரியை ஒட்டி நிற்கும். ஐரோப்பாவில் அது 10, 12 டிகிரி. இங்கே 25-க்குக் கீழே எதிர்பார்க்க முடியாது.

ஆகவே பழைய ஃபிரிட்ஜ்தான். சாதாரணமாக அது 4 டிகிரிக்குப் போய்விடும், அங்கே சீஸ் முதிராமல் தூங்கிவிடும். வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கி, ஃபிரிட்ஜின் பிளக்கை அதில் செருகி, 12-இல் வையுங்கள். கம்ப்ரசர் நின்று மறுபடி ஓட ஐந்து நிமிட இடைவெளியும் வைக்க வேண்டும். சென்சாரை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் துடித்து ஓடாது. இன்னும் நாலைந்து பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி அடுக்கினால் கரண்ட் போன நேரத்திலும் குளிர்ச்சி தாங்கும்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜா, ஐஸ் கட்டாத விசிறி வகையா என்றால் ஒற்றைக் கதவையே எடுங்கள். விசிறி வகை காற்றை உலர்த்தி, சீஸின் தோலை வெடிக்க வைக்கும். ஒற்றைக் கதவிலும் சீஸை அப்படியே தட்டில் வைக்காமல் மூடியுள்ள டப்பாவில், கீழே பிளாஸ்டிக் வலை போட்டு வையுங்கள். தினமும் காலையில் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் துடைத்துவிட்டு, சீஸைத் திருப்பி, மூடியை ஒரு விரல் அளவு விலக்கி வைக்க வேண்டும். மூடி காய்ந்து, தோலில் கீறல் தெரிந்தால் ஓர் ஈரத்துணியை உள்ளே வைத்து இறுக்க மூட வேண்டும். இந்தக் கவனிப்புக்கு நேரமில்லாதவர்கள் மெழுகு பூசிவிடலாம், ஈரப்பதக் கவலை பெரிதும் தீரும்.

காயலான் கடையிலோ மெக்கானிக்கிடமோ ஃபிரிட்ஜ் எடுக்கும்போது உள்ளே தட்டு உடைந்திருந்தால், பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை. கம்ப்ரசரை ஓடவிட்டுப் பாருங்கள். அப்புறம் கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் லேசாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.