மாடிக்கு மாடி வயர்லெஸ் லிங்க் போடப் போகிறீர்களா? பவர் கணக்கை முதலில் கேளுங்கள்

எங்கள் அரிசி ஆலை கும்பகோணத்துக்கு வெளியே, கடை டவுனுக்குள், நடுவில் 3 கிலோமீட்டர். ஆலைப் பக்கம் கேபிள் வராததால் கடையில் இருக்கும் இன்டர்நெட்டையே அங்கே கொண்டுபோக, இரண்டு மாடியிலும் டிஷ் வைத்து 5.8 கிகாஹெர்ட்ஸில் லிங்க் போட ஒருவரைப் பிடித்தோம். 62 ஆயிரம் ரூபாய் வாங்கினார்.

வழியில் ஒரு தென்னந்தோப்பு. "மட்டை மறைக்குதேண்ணே" என்றேன். "பவரை ஏத்திவிட்டா துளைச்சிக்கிட்டுப் போயிடும் சார்" என்றார். கோடையில் ஓடியது. ஐப்பசி மழை ஆரம்பித்ததும், லாரி எடை மேடையில் நிற்கும்போதே லிங்க் அறுந்துவிடும், பில் போட முடியாது, டிரைவர் கத்துவார். போன் செய்தால், "மழை சார், நாங்க என்ன பண்றது" என்பார். அது பொய். இந்தத் தூரத்துக்கு 5.8-ஐ மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது, நனைந்த மட்டைதான் சிக்னலைக் குடித்துவிடும்.

அப்புறம் ஒருநாள், பக்கத்துத் தெருவில் இன்டர்நெட் கொடுக்கும் தம்பி, தன் லிங்க் தடுமாறுவதாகச் சொல்லி எங்கள் மாடியேறி வந்தார். கருவியின் பாஸ்வேர்டை லிங்க் போட்டவரிடமிருந்து வாங்கவே நாலு நாள் ஆனது. லேப்டாப்பில் திறந்தால், பவர் வரம்பைத் தீர்மானிக்கும் நாடு என்ற இடத்தில் இந்தியாவே இல்லை, ஆன்டெனா கெயின் (டிஷ் சிக்னலை ஒரே திசையில் குவித்துக் கூட்டும் அளவு) பூஜ்யம் என்று போட்டிருக்கிறது, பவர் 27 டிபிஎம் (பவரை டெசிபலில் சொல்லும் அளவு). டிஷ்ஷின் உண்மையான கெயினோ 23 டிபிஐ (கெயினை டெசிபலில் சொல்லும் அளவு). இரண்டையும் கூட்டினால் 50 டிபிஎம், அதாவது டிஷ் பார்க்கும் திசையில் 100 வாட்டுக்குச் சமம். 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் இங்கே அனுமதி 36 டிபிஎம், வெறும் 4 வாட். 25 மடங்கு தாண்டி, அந்தத் தம்பியின் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் இத்தனை மாதம் நாங்கள் தொந்தரவு செய்திருக்கிறோம்!

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், அவ்வளவு பவர் தேவையே இல்லை. 3 கிலோமீட்டரில் காற்றில் போகிற இழப்பு சுமார் 117 டெசிபல். சட்டப்படி 36-ல் அனுப்பினாலும் எதிர் டிஷ்ஷின் 23-ஐச் சேர்த்தால் மைனஸ் 58 டிபிஎம் வந்து சேரும், நல்ல வேகத்துக்கு அது தாராளம். ஆனால் வழி திறந்திருக்க வேண்டும். எதிர் மாடி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, நடுவழியில் சுற்றிலும் 6 மீட்டர் ஆரத்துக்கு ஃப்ரெனல் மண்டலம் என்று சிக்னல் பரவிப் போகிற இடம் ஒன்று உண்டு, அதில் பாதிக்கு மேலாவது மட்டை, கட்டடம் எதுவும் நுழையாமல் இருக்க வேண்டும். லிங்க் போட்டவர் மாடியேறி நின்று பார்த்திருந்தால் போதும், அதைச் செய்யாமல் பவரை ஏற்றி மறைத்துவிட்டார்.

தம்பிதான் ஆலை டிஷ்ஷை நெல் எலிவேட்டர் உச்சிக்கு ஏற்றி, கடை டிஷ்ஷை மாடியின் மறுமூலைக்கு நகர்த்தி, தோப்பை விலக்கிக் கொடுத்தார். பவர் இப்போது 13. சிக்னல் மைனஸ் 60. அடைமழையிலும் அறுக்கவில்லை.

யாரிடம் கொடுத்தாலும், முன்பணத்துக்கு முன்னால் நாடு, ஆன்டெனா கெயின், பவர் மூன்றும் என்ன வைப்பீர்கள் என்று எழுதி வாங்குங்கள், பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கட்டும். அதே ஆள் போட்ட இன்னொரு குடோன் மாடிக்கும் போய்ச் சொன்னோம். திறந்து பார்த்தார்கள். அங்கேயும் 27.