25-ஆம் நம்பர் செயின்: பல சீசன் ஓட்டிய அனுபவம்

மிச்சிகனில் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் எஃப்ஆர்சி (பள்ளி அணிகள் தாங்களே கட்டிய ரோபோக்களோடு மோதும் போட்டி) ரோபோ அணிக்குச் சில வருடங்களாக மெக்கானிக்கல் மென்ட்டராக இருக்கிறேன். நாங்கள் அதிகம் ஓட்டியது ஆறு சக்கர டேங்க் டிரைவ் (ஒரு பக்கச் சக்கரங்கள் எல்லாம் சேர்ந்தே சுழலும் அமைப்பு), 25-ஆம் நம்பர் செயினில். புதிய அணிக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "25 தாங்குமா, அதைவிடப் பெரிய 35-ஆம் நம்பர் போடணுமா?" உங்கள் பட்டறையில் துளை எவ்வளவு துல்லியமாக விழும் என்பதைத்தான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

வலுவைப் பொறுத்தவரை கணக்கு எளிது. பேட்டரி, பம்பர் சேர்த்து ரோபோ சுமார் 70 கிலோ என்றால் ஒரு பக்கத்துக்கு 35 கிலோ. கார்பெட்டில் நல்ல பிடிப்பு இருந்தால் அந்தப் பக்கம் தள்ளுவதும் ஏறக்குறைய அவ்வளவே. 6 அங்குலச் சக்கரம், 16 பல் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல் சக்கரம்). மொத்தமும் ஒரே செயின் வழியாகப் போனால் இழுவை 165 கிலோவைத் தொடும். 25-இன் குறைந்தபட்ச அறுபடு வலு 780 பவுண்டு, அதாவது 354 கிலோ. 35-க்கு 1,760 பவுண்டு. நடுச் சக்கரத்தை கியர்பாக்ஸே நேராகச் சுழற்றினால் செயினுக்கு வருவது ஒரு பங்குதான். ஸ்ப்ராக்கெட்டை 22 பல்லாக்கினால் இழுவை கால்வாசிக்கு மேல் குறையும். எங்களிடம் சங்கிலித் தகடு கிழிந்து அறுந்ததில்லை. போனதெல்லாம் மாஸ்டர் லிங்க் (செயினின் இரு முனையையும் இணைக்கும் கண்ணி) கிளிப்பும், நீளம் சரிக்கட்டப் போட்ட அரை லிங்க்கும்தான். அரை லிங்க்கை நான் இப்போது பெட்டியிலேயே வைப்பதில்லை.

அதற்குத் தேவையே வராதபடி சக்கர இடைவெளியை வரைபடத்திலேயே முடிவு செய்யலாம். செயின் மாட்டும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் 16 பல் என்றால், ஷாஃப்ட்டுக்கு ஷாஃப்ட் தூரம் 25-இன் பிட்ச்சான (ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரையுள்ள தூரம்) 6.35 மி.மீ.யின் முழு மடங்காக இருக்கட்டும். 11 அங்குலம் வைத்தால் 44 பிட்ச். செயின் சரியாக 104 லிங்க். இதற்கு மேல் அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் கூட்டிக்கொண்டால் செயின் பழகித் தளரும்போதும் டென்ஷனர் (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) வேண்டாம். சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு இயந்திரம்) இருந்தால் இது சுலபம். கை டிரில்லும் ஸ்கேலும் மட்டும் இருந்தால் 35-ஐப் போட்டுவிடுங்கள்; எடை இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் ஸ்ப்ராக்கெட் கொஞ்சம் கோணினாலும் பொறுத்துப் போகும். 25 பொறுக்காது, பல் மேல் ஏறித் தாவிவிடும். ரோபோ பிட்டுக்குள் (போட்டியில் அணி ரிப்பேர் பார்க்கும் இடம்) வரும்போதே "டக்… டக்…" என்று கேட்கும். மகள் கையில் ஸ்பேனரோடு வந்து, "அப்பா, லெஃப்ட் சைட் மறுபடியும்" என்பாள்.

தேய்மானத்தைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். செயினை இழுத்துப் பிடித்து, வெர்னியரில் பத்து பிட்ச் அளந்து பாருங்கள். புதிதில் 63.5 மி.மீ. வரும், 64.1-ஐத் தாண்டினால் நான் கழற்றிவிடுவேன். எண்ணெய் ஊற்றினால் துடைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கார்பெட் பஞ்சு ஒட்டி அரைக்கிற பசையாகிவிடும்.

முதலில் உயிரை விடுவது செயின் அல்ல, நடுச் சக்கரத்தின் ட்ரெட் (தரையைப் பிடிக்கும் வெளிப்பட்டை). சுலபமாகத் திரும்ப அதைச் சுமார் 3 மி.மீ. இறக்கி வைப்பது வழக்கம். பாரத்தில் பெரும்பங்கு எப்போதும் அதன் மேல்தான்; எனவே வேகமாகத் தேய்கிறது, இறக்கமும் கரைகிறது. சீசன் பாதியில் "ரோபோ திரும்பவே மாட்டேங்குது" என்று டிரைவர் புலம்பினால், புரோகிராமில் தேடும் முன் அங்கே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

பெல்ட்டும் ஓட்டிப் பார்த்தோம். சத்தமில்லை, எண்ணெய் வேண்டாம். ஆனால் அறுந்தால் ஷாஃப்ட்டையே உருவ வேண்டும். அடுத்த மேட்ச்சுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அது நடக்கிற காரியமா? செயினென்றால் ஒரு லிங்க்கைத் திறந்து மாட்டிவிடலாம்.

இப்போது மேல்வரிசை அணிகளில் பெரும்பாலும் கியரில் ஓடும் ஸ்வெர்வ்தான் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் திசை திரும்பும் அமைப்பு). பணமும் புரோகிராமரும் இருந்தால் தாராளமாகப் போங்கள். நாங்களும் அடுத்த சீசனுக்கு அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். மீதிச் செயின் ரோபோவின் கை, எலிவேட்டர் வேலைக்குப் போகும்.